புது பி.யூ. பசை: தாளில் தோல் எரிச்சல் இல்லை, எங்க லைனில் கை வெடிக்குது

பாலாற்றங்கரை:
வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் லைன் சூப்பர்வைசரா இருக்கேன். என் லைனில் 22 பேர், அதில் 19 பேர் பெண்கள். ரெண்டு மாசம் முன்னாடி பழைய நியோபிரீன் பசையை நிறுத்திட்டு பி.யூ. (பாலியூரித்தேன்) பசை கொண்டு வந்தாங்க. மூணாவது வாரத்திலிருந்து ஒவ்வொருத்தரா வந்து கையைக் காட்டுறாங்க. விரல் நுனி காஞ்சு, கோடு கோடா வெடிச்சிருக்கு. ஒரு அக்காவால வீட்டில் புளி கரைக்க முடியலையாம், மகளைத்தான் கரைக்கச் சொல்றாங்க. ரெண்டு பேருக்கு மட்டும் மணிக்கட்டு தாண்டி அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். போன வாரம் ஒரு பொண்ணுக்கு பிரஷ் தெறிச்சு கண்ணில் பட்டுடுச்சு. ரெண்டு நாள் கண் சிவந்து தண்ணி வந்தது.

ஸ்டோரில் சண்டை போட்டு எஸ்.டி.எஸ்., அதாவது பசையோட பாதுகாப்புத் தகவல் தாளை வாங்கிட்டேன். இரண்டாம் பிரிவில் மூணே வரி: மிக எளிதில் தீப்பிடிக்கும் (ஹெச்225), கண்ணில் கடும் எரிச்சல் (ஹெச்319), மயக்கம் வரலாம் (ஹெச்336). தோலைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பதினோராம் பிரிவில் "தோல் எரிச்சல்: தரவு இல்லை". மேனேஜர் சொல்றார், "தாளில் இல்லையேப்பா, அவங்க வீட்டு சோப்பு மோசமா இருக்கும்".

ஒரு பசை தோலையும் கண்ணையும் எரிக்குமான்னு எப்படித்தான் மதிப்பிடுறாங்க? தெரிஞ்சவங்க விளக்குங்க.

வேலூர்க்காரன்:
எங்க யூனிட்லயும் இதே கதை. நாங்க தேங்காய் எண்ணெய் தடவிட்டு ஓட்டுறோம். பதிலுக்குக் காத்திருக்கேன்.

குடுவை:
நான் 16 வருடமாகப் பசை தயாரிப்புப் பக்கம் வேதியியலாளர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சார். "தரவு இல்லை" என்றால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சோதித்து, எரிச்சல் வரவில்லை என்றால் "வகைப்படுத்தும் அளவை எட்டவில்லை" என்று எழுதுவார்கள். இரண்டையும் ஒன்றாக வாசிப்பதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன், உங்கள் மேனேஜர் மட்டும் இல்லை.

மூன்றாம் பிரிவில் என்னென்ன எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதை அப்படியே போடுங்கள். பசையை இறுக வைக்கும் ஹார்டனர் தனியாக வருகிறதா?

பாலாற்றங்கரை:
மெத்தில் எத்தில் கீட்டோன் 30–40, எத்தில் அசிட்டேட் 15–25, அசிட்டோன் 10–20, டொலுயீன் 10–15, பாலியூரித்தேன் பிசின் 15–20. ஹார்டனர் தனி டப்பா, ஐசோசயனேட்னு போட்டிருக்கு. 100 பங்கு பசைக்கு 5 பங்கு கலக்கிறோம்.

குடுவை:
உங்கள் தாளில் ஒரு பிழை இருக்கிறது. எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன், அடுத்த ட்ரம் வரும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வேதிப்பொருட்களின் ஆபத்தை வகைப்படுத்த ஐ.நா. 2003-இல் வெளியிட்ட ஜி.ஹெச்.எஸ். முறைப்படி, ஒரு கலவையை நேரடியாகச் சோதித்த தரவு இல்லை, அதைப்போன்ற இன்னொரு கலவையின் தரவும் இல்லை என்றால், உள்ளே இருக்கும் பொருட்களை வைத்துக் கணக்கிட வேண்டும். தோலுக்கு எரிச்சலூட்டும் வகை 2-இல் வரும் பொருட்களைக் கூட்டிப் பாருங்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழுக் கலவையும் வகை 2. கண்ணுக்கும் அதே 10 சதவீதக் கணக்கு. தோலை அரித்துப் புண்ணாக்கும் பொருளோ, கண்ணுக்குக் கடும் பாதிப்பு தரும் வகை 1 பொருளோ இருந்தால் வரம்பு இன்னும் கீழே: தோலுக்கு 5 சதவீதம், கண்ணுக்கு 3 சதவீதம்.

இப்போது உங்கள் பசை. மெத்தில் எத்தில் கீட்டோன், எத்தில் அசிட்டேட், அசிட்டோன் மூன்றுமே கண்ணுக்கு வகை 2. குறைந்தபட்ச எண்ணை எடுத்தாலும் கூட்டினால் 55 வருகிறது. ஆகவே ஹெச்319 சரி. டொலுயீன் தோலுக்கு வகை 2. அது 10–15 என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 10-ஐத் தொட்டாலே ஹெச்315, அதாவது "தோல் எரிச்சல் உண்டாக்கும்" என்ற வரி வந்தாக வேண்டும். அது விட்டுப்போயிருக்கிறது. டொலுயீனுக்கு இன்னொரு வரியும் உண்டு, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பது. 19 பெண்கள் வேலை பார்க்கும் லைனில் அதுவும் தாளில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து சப்ளையருக்கு எழுத்தில் கேளுங்கள்.

கும்மட்டி:
குடுவை அண்ணா, ஒரு சந்தேகம். டொலுயீன் வகை 2-னு யார் எப்படி முடிவு பண்ணினாங்க? முயல் கண்ணில் ஊத்திப் பார்ப்பாங்கன்னு படிச்சேன். இன்னும் அப்படித்தானா?

நாற்பத்திரண்டு மணி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்தில் இதுதான் என் வேலை.

முயல் சோதனை 1944-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் இருந்த ஜான் டிரேஸ் வகுத்தது. பிறகு பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஈசிடி அதை 404, 405 என்று வழிகாட்டு நெறிகளாக்கியது. தோலுக்கு: மயிர் மழித்த முதுகில் 6 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு அரை மில்லி, 4 மணி நேரம் கட்டி வைப்பது, பிறகு 14 நாள் வரை சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கண்ணுக்கு: கீழ் இமைக்குள் 0.1 மில்லி, 21 நாள் வரை பார்ப்பது. 21 நாளுக்குள் கண் பழைய நிலைக்குத் திரும்பினால் வகை 2, திரும்பாவிட்டால் வகை 1. டொலுயீன் மாதிரிப் பழைய கரைப்பான்களின் தரவு பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அந்த விலங்குகள் பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். இந்தியா 2014-இல் அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனையைத் தடை செய்தது. பசை அந்தத் தடைக்குள் வராது. ஆனால் ஓஈசிடியே இப்போது முதலில் விலங்கில்லா முறைகளில் பார், முடியாதபோது மட்டும் கடைசியாக அங்கே போ என்கிறது.

நான் செய்வது ஓஈசிடியின் 439 என்ற முறை, 2010-இல் வந்தது. மனிதத் தோல் செல்களை ஒரு சின்னக் கிண்ணத்தில் வளர்த்து, மேல் அடுக்கு காற்றைப் பார்த்தபடி இருக்கும் தோல்துண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான், பார்க்க ஈரமான வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும். அதன்மேல் 30 மைக்ரோலிட்டர் வைக்கிறோம். எங்கள் மாதிரித் தோலில் 60 நிமிடம். கழுவுகிறோம். 42 மணி நேரம் இன்குபேட்டரில் விடுகிறோம், என் பெயர் அங்கிருந்து வந்தது. பிறகு எம்டிடி என்ற மஞ்சள் கரைசல். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். துண்டு நல்ல கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தால் செல்கள் உயிரோடு இருக்கின்றன. வெளிறிப் போனால் செத்துவிட்டன. அந்த ஊதாவைக் கரைத்தெடுத்து கருவியில் அளக்கிறோம். பொருள் படாத துண்டோடு ஒப்பிட்டு உயிர்ப்பு 50 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் எரிச்சலூட்டி. தோலை அரித்துப் புண்ணாக்கும் பொருளா என்பதை மட்டும் இன்னொரு முறையில், 431-இல், தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பசை வந்தால்தான் தலைவலி. கழுவும் கட்டத்தில் பசை போகவே போகாது. மேலே ஒரு படலமாக இறுகிவிடும். இடுக்கியால் உரித்தால் தோலும் சேர்ந்து வரும். உரிக்காமல் விட்டால் 60 நிமிடத்துக்குப் பதில் 42 மணி நேரமும் பொருள் அங்கேயே இருக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் பக்கத்துக் குழியில் இருக்கும் வேறு துண்டைக் கெடுத்தும் இருக்கிறது. அதனால் பசையில் வந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். உள்பொருட்களின் தரவு, கலவைக் கணக்கு, மனிதர்களிடம் பார்த்தது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு சொல்வோம்.

கும்மட்டி:
கண்ணுக்கும் இப்படிச் செல் வளர்த்தா?

நாற்பத்திரண்டு மணி:
ஆமாம், கருவிழி மேற்படலத்தை வளர்த்துச் செய்யும் 492 இருக்கிறது, 2015-இல் வந்தது. அதற்கு முன்பே, 2009-இல், இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கண்ணின் கருவிழியில் பார்க்கும் 437 வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற கருவிழி எவ்வளவு மங்குகிறது, சாயம் எவ்வளவு உள்ளே ஊடுருவுகிறது என்று அளந்து ஒரு மதிப்பெண். 3-க்குள் இருந்தால் வகைப்படுத்தத் தேவையில்லை, 55-ஐத் தாண்டினால் கடும் பாதிப்பு. இடைப்பட்டதை இந்த ஒரு சோதனையால் தீர்மானிக்க முடியாது.

இந்த இழைக்கு முக்கியமான ஒன்று: மாட்டுக் கருவிழிச் சோதனை ஆல்கஹால்களையும் கீட்டோன்களையும் உள்ளதைவிட மோசமாகக் காட்டும். நெறியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே கீட்டோன் நிறைந்த பசையை யாராவது இந்த ஒரு சோதனையை மட்டும் காட்டி "கண் போய்விடும்" என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம், இன்னொரு சோதனை கேளுங்கள்.

பழைய ஃபோர்மேன்:
இவ்வளவு எதுக்குப்பா. நாங்க அந்தக் காலத்தில் புது பசை வந்தா மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு வெச்சு, பிளாஸ்டர் ஒட்டி, மறுநாள் பார்ப்போம். சிவந்தா வேணாம்னு சொல்லிடுவோம். ரெண்டு அரிப்புக்காரங்களுக்கும் அதே மாதிரி செஞ்சு பாருங்க தம்பி.

மருந்துச்சீட்டு:
ஐயா, மன்னிக்கணும், தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். நான் தோல் மருத்துவர், தொழிலாளர்கள் கையைத்தான் தினமும் பார்க்கிறேன்.

மூடிக் கட்டிய பிளாஸ்டருக்கு அடியில் கரைப்பான் ஆவியாக வழியில்லை. யாருக்கு வைத்தாலும் தோல் வெந்து சிவக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிட மோசம், ஹார்டனர் கலந்த பசையை அப்படி வைத்தால் இதுவரை ஒவ்வாமை இல்லாதவருக்கும் நீங்களே ஒவ்வாமையை உண்டாக்கிவிடலாம். ஐசோசயனேட் ஒவ்வாமை வந்தவருக்கு மூச்சுத் திணறலும் வரலாம்.

பாலாற்றங்கரை சார், உங்கள் பதிவில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். விரல் நுனி காய்ந்து வெடிப்பது, எரிவது, உப்பு பட்டால் துடிப்பது, லைனில் பாதிப் பேருக்கு இருப்பது: இது எரிச்சலால் வரும் தோலழற்சி. பொருள் பட்ட இடத்தோடு நிற்கும், அதிகமாகப் பட்டால் யாருக்கும் வரும். அரிப்பு முன்னே நிற்பது, கொப்புளம், பட்ட இடத்தைத் தாண்டிப் பரவுவது, ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் வருவது: இது ஒவ்வாமையாக இருக்கலாம். அது பட்டு ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், பிறகு துளி பட்டாலும் வரும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்க வேண்டிய நோய்கள் வரிசையில் வேதிப்பொருள் தோலழற்சியைச் சேர்த்தபோதே இந்த இரண்டு வகையையும் பிரித்து எழுதியிருந்தார்கள்.

அந்த இருவரையும் ஈ.எஸ்.ஐ. மூலமாகப் பேட்ச் டெஸ்ட் செய்யும் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். முதுகில் சின்னக் கிண்ணிகளில், பாதுகாப்பான அளவுக்கு நீர்த்த பொருட்களை வைப்போம். 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்ப்போம், 96 மணியில் மறுபடி. நியோபிரீன் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் எங்கள் வழக்கமான வரிசையிலேயே உண்டு, 1 சதவீதம் வாசலினில். ஷூ போடுகிறவர் காலிலும் ஷூ செய்கிறவர் கையிலும் நாங்கள் அடிக்கடி பிடிக்கும் ஆள் அது. பழைய பசையையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

பேஸ்டிங் மகள்:
அம்மா 14 வருஷம் பேஸ்டிங். வாணியம்பாடி. நான் இதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

அம்மா பசையால மட்டும் கஷ்டப்படலை. வேலை முடிஞ்சா கையில் ஒட்டின பசையை எதால எடுப்பாங்க தெரியுமா? தின்னரால. ஒரு பழைய துணி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தின்னர். மதியம் சாப்பிடும் முன்னாடி ஒரு தடவை, டீ குடிக்கும் முன்னாடி ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. கை வெள்ளையா பூத்து நிக்கும். அப்புறம் வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுப் பாத்திரம். எனக்குத் தலை பின்னும்போது அம்மா விரல் முடியில் மாட்டும், அவ்வளவு சொரசொரப்பு. உங்க லைனில் அந்த பாட்டில் இருக்கான்னு பாருங்க அண்ணே.

குடுவை:
இந்தப் பெண் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

சோதனைகள் எல்லாம் ஒரு தடவை படுவதைத்தான் அளக்கின்றன. முயலில் 4 மணி நேரம், வளர்த்த தோலில் ஒரு மணி நேரம். கீட்டோன், எத்தில் அசிட்டேட், அசிட்டோன் மூன்றும் தோலுக்கு வகை 2 வாங்காமல் தப்பியது அப்படித்தான். ஆனால் ஐரோப்பிய லேபிளில் இவை மூன்றுக்கும் தனியாக ஒரு வாசகம் உண்டு: திரும்பத் திரும்பப் பட்டால் தோல் வறண்டு வெடிக்கலாம். ஜி.ஹெச்.எஸ்.ஸில் அந்த வாசகம் கிடையாது, அதனால் நம் ஊர்த் தாளில் பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் லைனில் நடப்பதை எழுத்துக்கு எழுத்து அந்த வாசகம்தான் சொல்கிறது.

தோலின் மேலடுக்கைச் சுவர் என்று வையுங்கள். செத்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. தின்னர் சாந்தைக் கரைத்துவிடும். ஈரம் உள்ளிருந்து வெளியே போகும், வெளியில் இருப்பது உள்ளே வரும். சில நாள் விட்டால் உடம்பு பூசிக்கொள்ளும். தினம் மூன்று தடவை கரைத்தால் எப்போது பூசும்?

நாற்பத்திரண்டு மணி:
மேனேஜர் சோப்பைச் சொன்னாரே, அதில் பாதி உண்மை இருக்கிறது. என் சோதனையில் "கட்டாயம் எரிச்சல் தரும்" என்று ஒப்பிட வைக்கும் பொருளே சோப்புத்தூளில் நுரைக்காகப் போடும் சோடியம் லாரைல் சல்ஃபேட்தான், 5 சதவீதம். ஆனால் அதே சோப்பை அந்தப் பெண்கள் புது பசை வருவதற்கு முன்பும் போட்டார்கள். சாந்து போன சுவரில்தான் சோப்பு உள்ளே இறங்குகிறது.

பாலாற்றங்கரை:
இன்னைக்கு லைனில் நின்னு பார்த்தேன். பாட்டில் இருக்கு. ஒண்ணு இல்லை, நாலு. நானே தினம் பார்த்திருக்கேன், கண்ணில் பட்டதே இல்லை. ஒரு மணி நேரம் எண்ணினேன்: வெடிப்பு மோசமா இருக்கிற அக்கா அஞ்சு தடவை தின்னர் துணியில் விரலைத் துடைச்சாங்க, தோல் பீஸில் கறை படக் கூடாதுன்னு. கம்பெனி கொடுத்த ரப்பர் கையுறை ஆஸ்பத்திரி கையுறை மாதிரி மெல்லிசு. உள்ளே பசை போனாலும் கழட்டாம போட்டிருக்காங்க, ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான் கணக்கு.

குடுவை:
அந்தக் கையுறை காயத்தைக் கூட்டும். மெல்லிய லேட்டெக்ஸ், நைட்ரைல் இரண்டிலுமே கீட்டோன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். உள்ளே போனது வெளியே போகாமல் வியர்வையோடு தோலில் ஊறும், டாக்டர் சொன்ன பிளாஸ்டர் மாதிரிதான். பியூட்டைல் ரப்பர் கீட்டோனைத் தாங்கும், டொலுயீனைத் தாங்காது. உங்கள் கலவைக்கு இரண்டையும் தாங்குவது பல அடுக்குப் பிளாஸ்டிக் படலக் கையுறை. கையில் நிற்காது, தொளதொளவென்று இருக்கும். அதன்மேல் மெல்லிய நைட்ரைல் போட்டால் பிடி கிடைக்கும். விலை ஜாஸ்தி. ஆகவே முதலில் கை பசையைத் தொடாமல் வேலை நடக்க வழி பாருங்கள்: நீளக் கைப்பிடி பிரஷ், மூடி வைத்த பசைக் கிண்ணம், கறை துடைக்க ரப்பர் அழிப்பான் கட்டி. தின்னர் பாட்டிலை எடுத்துவிட்டு, கழுவும் இடத்தில் கரைப்பான் இல்லாத கைக்கழுவும் கிரீம் வையுங்கள்.

வேலூர்க்காரன்:
எங்க ஆளுங்க கேக்கிறாங்க, தேங்காய் எண்ணெய் தடவிட்டு வேலை செய்யலாமா?

மருந்துச்சீட்டு:
வேலைக்கு முன்னால் தடவினால் தின்னர் அதையும் கரைத்துக்கொண்டு போய்விடும், பீஸிலும் பசை பிடிக்காது. வேலை முடிந்து கழுவியதும், இரவு படுக்கும்போதும் தடவட்டும், வாசலின் இன்னும் நல்லது. வெடிப்பில் ரத்தம் கசிந்தால் எண்ணெயோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண்வார்டு:
கண்ணைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கண் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பசை தெறித்து வருபவர்களில் பலர் முதல் அரைமணி நேரத்தை வீணாக்கிவிட்டு வருகிறார்கள். விளக்கெண்ணெய் விட்டிருப்பார்கள், தாய்ப்பால் விட்டிருப்பார்கள், முந்தானையால் கசக்கியிருப்பார்கள். எதுவும் வேண்டாம். இமையை விரலால் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், எரியும்போது ஒரு நிமிடமே பத்து நிமிடம் மாதிரி இருக்கும். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பிறகு மருத்துவமனை, கையில் அந்தத் தாளோடு. கழுவும் இடம் லைனிலிருந்து பத்து விநாடியில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சின்னப் பீச்சு பாட்டில் 15 நிமிடத்துக்குக் காணாது.

எபாக்ஸி ஹார்டனர் என்றால் இன்னும் அவசரம். அதில் இருக்கும் அமீன் காரத்தன்மை உள்ளது, காரம் கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே போகும். உடனே ஒட்டும் சின்ன டியூப் பசை வேறு மாதிரி. கண் சொட்டு மருந்து என்று நினைத்து இருட்டில் விட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரத் துணி வைத்துக் கூட்டிவாருங்கள். சில நாளில் தானே விடும், உள்ளே கருவிழி உரசியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அது பருத்தித் துணியில் கொட்டினால் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். துணி தோலோடு இருந்தால் வெந்துவிடும்.

பாலாற்றங்கரை:
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன்.

சப்ளையருக்கு மூணாம் பிரிவைச் சுட்டிக்காட்டி மெயில் போட்டோம். ஒன்பதாம் நாள் திருத்தின தாள் வந்தது, ஹெச்315-உம் டொலுயீன் கர்ப்பிணி எச்சரிக்கையும் சேர்த்து. அதைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வெச்சேன். ரெண்டு தடவை படிச்சார், ஒண்ணும் சொல்லலை, கையுறை வாங்கும் சீட்டில் கையெழுத்து போட்டார். மாசமா இருக்கிற ஒரு பொண்ணை அன்னைக்கே பேக்கிங்குக்கு மாத்திட்டோம். நாலு தின்னர் பாட்டிலும் போச்சு. குழாய் வெச்ச கண் கழுவும் தொட்டி லைன் முனையில் வந்திருக்கு.

அரிப்பு இருந்த ரெண்டு பேரில் ஒருத்தருக்குப் பேட்ச் டெஸ்டில், டாக்டர் சொன்ன அதே ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின்தான் பிடிச்சது. பழைய பசை. புது பசை வந்தும் ஏன் நிக்கலைன்னு யோசிச்சோம். அவங்க உட்கார்ற பலகையின் விளிம்பில் பல வருஷத்துப் பழைய பசை மெழுகு மாதிரி கட்டி நின்னுது, கையை அதுமேல ஊன்றித்தான் வேலை செய்றாங்க. பலகையையே மாத்தியாச்சு. இன்னொருத்தருக்கு எதுவும் பிடிக்கலை, ஹார்டனருக்குத் தனியா பார்க்கணும்னு அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அவங்களை ஹார்டனர் கலக்கிற பக்கமே விடலை.

புளி கரைக்க முடியாத அக்கா நேத்து கையை விரிச்சுக் காட்டினாங்க. பெருவிரலில் மட்டும் ஒரு கோடு பாக்கி இருக்கு. அடுத்த ட்ரம் வேற பேட்ச் நம்பரில் சனிக்கிழமை வருது. மூணாம் பிரிவை இங்கே போடுறேன், குடுவை சார் ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

குடுவை:
போடுங்கள் சார். முதலில் நீங்கள் கூட்டி எழுதுங்கள், நான் சரி பார்க்கிறேன்.